பொணம் சவரிக்கு ஒரு நிமிட மௌனம்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளை. டப்பாவைத் திறந்து இரண்டு வாய் வைத்திருப்பேன். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு போஸ்டர் வந்து விழுந்தது. எங்கள் ஊர் என்று கை தானாக எழுதுகிறது, பாருங்கள். நான் பிறந்த வடசென்னை ராயபுரம் இல்லை. அயர்லாந்தில் கார்க் என்கிற துறைமுக நகரம். என் மகள் ஏஞ்சலுக்கு இரண்டு வயதிருக்கும்போது நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தேன். இப்போது அவளுக்குப் பதினாலு.

போஸ்டரில் இப்படி இருந்தது: 'நகைச்சுவைச் செம்மல் திரு. சேவியர் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவேந்தல். குடும்பத்துடன் வருக. இரவு விருந்து உண்டு.' பக்கத்தில் ஒரு படம். கோட்டு, டை. அந்தக் கோட்டு யாருடையதோ! கழுத்துக்கு மேலே மட்டும் எங்கள் ஆள்.

யார் சார் இந்தச் சேவியர்? செம்மலாம்! அவர் பெயர் சவரிமுத்து. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த டீக்கடையில் கேட்டாலும் 'பொணம் சவரி' என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். போனை எடுத்தால் "அலோ, பொணம் பேசறேன்" என்பார். எதிர்முனையில் பேங்க்காரர் இருந்தாலும் அதே பதில்தான். வாழ்நாள் முழுக்கக் கைலியில் திரிந்த மனிதருக்குச் செத்த பிறகு கோட்டு மாட்டிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவை மூடிவிட்டு, சங்கச் செயலாளருக்கு ஒரு செய்தி தட்டினேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"மேடம், நீங்க அவரோட ஏரியாவா? சூப்பர். அப்ப நீங்களே ஒரு அஞ்சு நிமிஷம் பேசிடுங்களேன்."

"பேசறேன் சார். முதல்ல போஸ்டர்ல பேரை மாத்துங்க."

"பிணம்னு எப்படி மேடம் போடறது? ஃபேமிலி ஆடியன்ஸ் வராங்க."

"அவருக்கும் ஃபேமிலி இருந்துச்சு. அந்தப் பேரை வெச்சுத்தான் அவங்க சாப்பிட்டாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் டீசண்டா பண்ணலாம்னு கமிட்டில முடிவு. நீங்க பேசப்போறதை எழுதி அனுப்புங்க, ஒரு தடவை பார்த்துடறோம்."

டீசண்ட். இந்த ஒரு வார்த்தையைப் படிப்புக்காக மவுண்ட் ரோடு தாண்டிப் போன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டி வந்தும் விடவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். எனக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டும். சங்கத்துக்காக இல்லை. கூட்டத்தில் என் மகள் உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மா எந்தச் சந்திலிருந்து வந்தவள், எந்தப் பேச்சைப் பேசிச் சிரித்து வளர்ந்தவள் என்று ஒரு தடவையாவது நாலு பேர் கைதட்டுகிற இடத்தில் அவள் கேட்க வேண்டும். வீட்டில் சொன்னால் காதில் வயரை மாட்டிக்கொள்கிறாள்.

2

சவரியண்ணன் எங்களுக்கு எதிர் வீடு. காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. விசைப்படகு கடலுக்குப் போகும் முன்னால் ஐஸ் பாளத்தை உடைத்து, அரைத்து, கூடையில் நிரப்பி அனுப்ப வேண்டும். அதனால் அவர் கை எந்நேரமும் சில்லென்றிருக்கும். சந்துக்குள் நுழையும்போதே எங்கள் கன்னத்தில் அந்தக் கையை வைத்து, "பொணத்து கை எப்டி கீது பாத்தியா?" என்பார். நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவோம். மறுநாள் அதற்காகவே தெருமுனையில் நின்று காத்திருப்போம்.

மாதா கோயில் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்ததும் அவர் நாடகம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற இடத்திலும் அவர் நாடகம்தான். மேடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாலு பெஞ்சு, ஒரு டியூப் லைட், மூங்கிலில் கட்டின மைக். அதன் மேல் ஏறி அந்த மனிதன் போடாத வேஷம் இல்லை. கொழா குமுதா என்று ஒருத்தி. தெருக்குழாய் வரிசையில் குடம் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கும் பெண். அவர் மனைவி ரீட்டாக்காவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு மணவறையில் உட்காருவார். மாப்பிள்ளை தாலியை எடுக்கும் நேரம் வெளியே ஹாரன் சத்தம் கேட்கும். "தாலி அப்பால கட்டலாம் மாமு, தண்ணி லாரி வந்துட்சி!" என்று மாலையோடு ஒரே ஓட்டம். முன்வரிசைப் பெண்கள் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாடகம் பார்க்க வந்தவர்கள்தான்.

டாக்டர் தொரை என்று இன்னொருவர். வெள்ளைக்கார டாக்டர். முகமெல்லாம் பவுடர், கழுத்தில் சைக்கிள் டியூப். வாயைத் திறந்தால் இங்கிலீஷ் மாதிரி ஏதோ கொட்டும். எந்த வியாதிக்கும் கடைசியில் கஞ்சிதான் எழுதிக் கொடுப்பார். மீன்கூடையைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு ஹார்பரை வாடகைக்கு விடும் ராணியம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

ஆனால் எல்லாரும் காத்திருப்பது பொணத்துக்குத்தான். கடைசியாக வரும். பெஞ்சின் மேல் அவரைக் கிடத்தி, நாடியைச் சேர்த்துத் துணி கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டி வைத்திருப்பார்கள். புளியந்தோப்பிலிருந்து வருகிற மேளக்காரர்கள் நிஜமான சாவு மேளக்காரர்கள். காதைப் பிளக்கிற மாதிரி அடிப்பார்கள். சொந்தக்காரர்கள் என்று நாலு பேர் ஒப்பாரி வைப்பார்கள். ஆடுகிறவர்கள் ஆடுவார்கள். திடீரென்று மேளம் நிற்கும். தெரு முழுக்க ஒரு சத்தம் இருக்காது. குழந்தைகள் நாங்கள்கூட வாயைப் பொத்திக்கொள்வோம்.

அப்போது பொணம் இருமும். இரண்டு சின்ன இருமல். அப்புறம் தொண்டையைக் காறி இழுத்து நீளமாக ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பார். பிறகு நாடித்துணியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார்.

"இன்னாபா, அவ்ளோதானா?"

அந்த ஒரு வரிக்குத் தெரு இடியும். அதற்கப்புறம் வரிசையாகக் குற்றம் சொல்வார். மாலை சின்னதா கீது. டீ ஏன் இன்னும் வரலை. மச்சான் ஏன் அழாம போன் பேசிகினு கீறான். நான் செத்ததுக்கு இவ்ளோதான் மரியாதையா? ஊரில் அந்த வருடம் யார் யாரெல்லாம் மோசம் செய்தார்களோ, கவுன்சிலரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை, பெயர் சொல்லி இழுத்துப் போடுவார். செத்தவனை யார் என்ன செய்ய முடியும்?

3

அப்புறம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். அதற்கு முன்னால் டிவி. சந்தே பெருமைப்பட்டது. கேபிள் டிவிக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்தோம். சவரியண்ணன் திரையில் வந்தார். வாயில் பீடியோடு, குடித்துவிட்டுத் தள்ளாடினார். ஹீரோ ஓங்கி ஒரு அறை விட்டார். அவ்வளவுதான் வேலை. அடுத்த படத்தில் பிக்பாக்கெட், அதிலும் அறை. அதற்கடுத்ததில் மறுபடி குடிகாரன்.

குமுதாவைக் கேட்கவில்லை. ராணியம்மாவைக் கேட்கவில்லை. எங்கள் பேச்சு மட்டும் வேண்டும், அதுவும் குடித்தவன் வாயிலிருந்து. "இன்னும் கொஞ்சம் லோக்கலா பேசுங்க, இன்னும் லோக்கலா" என்று சொல்வார்களாம். "இதுக்கு மேல லோக்கலா போவணும்னா கடல்ல தான் எறங்கணும் சார்" என்றாராம். அந்தக் காட்சியிலும் அறை வாங்கினார்.

குடியைத் தொடாத மனிதர் அவர். பீடி, சிகரெட்டும் கிடையாது. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

நான் நர்ஸிங் படிக்கப் போன கல்லூரியில் என்னைப் பேசச் சொல்லிச் சிரிப்பார்கள். "ஸ்டெல்லா, அந்தக் குடிகாரன் மாதிரி ஒரு தடவை பேசேன்" என்பார்கள். அது என் அப்பா பேசுகிற பேச்சு. ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டி எங்களை ஆளாக்கிய மனிதர், சாப்பிட்டாயா என்று கேட்கிற பேச்சு. என் அம்மா ஜெபமாலை சொல்லி முடித்த வாயோடு பேசுகிற பேச்சு. அதைக் குடிகாரன் பாஷை என்று ஒரு நாட்டுக்கே சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் எங்கள் தெருவுக்கு வந்து ஒரு டீ குடித்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. குறைய வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

4

ஏஞ்சல் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நான் கட்டிலில் பொணமாகப் படுப்பேன். அவள் தலையணையை மாலையாகச் சாத்துவாள். தட்டை எடுத்து மேளம் அடிப்பாள். நிறுத்துவாள். நான் இருமுவேன். அவள் விழுந்து புரண்டு சிரிப்பாள். பிறகு அவள் பொணம், நான் மேளம். அந்த இருமலை அவள் என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், வீட்டிலிருந்து பிடித்த விஷயம் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் நாய்க்குட்டி படமும் பாட்டனார் பதக்கமும் கொண்டுவந்தார்கள். என் மகள் தரைவிரிப்பில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, எல்லாரையும் அழச் சொல்லியிருக்கிறாள். இரண்டு குழந்தைகள் நிஜமாகவே அழுதுவிட்டன. இவள் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "இன்னாபா, அவ்ளோதானா?"

மறுநாள் எனக்கு அழைப்பு. ஒரு சின்ன அறை. டீச்சர், தலைமையாசிரியை, இன்னொரு பெண் அதிகாரி. மேசை நடுவில் கண்ணைத் துடைக்கக் காகிதப் பெட்டி. எனக்குத்தான்.

"வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்தார்களா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

"இல்லை. அது காமெடி."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பதற்றத்தில் இங்கிலீஷ் கைவிட்டது. ஊரில் பெரிய பெயர் வாங்கியவர் என்று சொல்ல நினைத்து, "அவர் எங்கள் ஏரியாவில் மிகவும் புகழ்பெற்ற பிணம்" என்றேன்.

"இப்போது அவர் எங்கே?"

"ஐஸ் ஃபாக்டரியில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார்."

அந்த அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அடுத்த ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு தடவை ஏஞ்சலை வகுப்பிலிருந்து தனியே அழைத்துப் போய், கிரேயான் கொடுத்து, சாவைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று வரையச் சொன்னார்கள். ரொம்ப அன்பாகத்தான் செய்தார்கள். அந்த அன்பில் என் குழந்தைக்கு ஒன்று புரிந்துபோயிற்று. அம்மாவின் ஊரிலிருந்து வருவது வெளியில் காட்டக்கூடாத ஏதோ ஒன்று. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நின்றது. கடையில் நான் சத்தமாகத் தமிழ் பேசினால் நாலடி தள்ளிப் போய் நின்றாள். கேள்வியைத் தமிழில் கேட்டால் பதில் இங்கிலீஷில் வந்தது. இன்றுவரை அப்படித்தான்.

5

அவளுக்குப் பதினோரு வயதில் ஊருக்குப் போனோம். ஐஸ் கம்பெனியை மூடிவிட்டிருந்தார்கள். சவரியண்ணன் எண்ணூரில் ரீட்டாக்காவின் அம்மா வீட்டுக்குக் குடிபோயிருந்தார். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் வரிசை கட்டி நின்றன. ஷேர் ஆட்டோவில் ஏஞ்சல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் கொடியில் ரீட்டாக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் உதறினாள். உதற உதற, பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்தது. "தொவைக்கறது ஒரு வாட்டி, ஒதர்றது நாலு வாட்டி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வாசலில் காயும் வேட்டியில் விழுகிற சாம்பல் மனுஷன் நெஞ்சில் மட்டும் விழாமலா இருக்கும்?

சவரியண்ணன் கட்டிலில் இருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கன்னத்தில் வைத்தார். கை சூடாக இருந்தது.

"இன்னா ஸ்டெல்லா, பொணத்தைப் பாக்க பிளைட்டு புட்ச்சி வந்துகீறே?" பிறகு ஏஞ்சலைப் பார்த்தார். "பாப்பா பேரு இன்னா?"

அவள் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள். எனக்கு அவமானமாக இருந்தது. சவரியண்ணன் விடவில்லை. சிலிண்டர் டியூபைக் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பாகப் போட்டுக்கொண்டு டாக்டர் தொரை ஆனார். அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "ஓ மை டியர் டங்கரி மங்கரி! யுவர் ஈரல் ஈஸ் ஆன் லீவு. கான் டு செங்கல்பட்டு. டேக் கஞ்சி, கம் மண்டே."

ஏஞ்சல் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அதுதான் முதல் சிரிப்பு. போனைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை என்றாள். அவர் மல்லாந்து படுத்தார். கால்விரல்களை ஒட்டி வைத்தார். கண்ணை மூடினார். இரண்டு சின்ன இருமல், ஒரு நீளம்.

அது நிற்கவில்லை. ஏஞ்சல் சிரித்துக்கொண்டே இருந்தாள். ரீட்டாக்கா ஓடிவந்து முதுகைத் தாங்கினாள். நான் சுவாச நோய் வார்டில் வேலை செய்கிறவள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மூச்சு திரும்ப வந்ததும் சவரியண்ணன் என் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "மொதல்ல வந்தது டிராமா, அப்பால வந்தது ஒரிஜினல். ரெண்டுக்கும் டிக்கெட்டு ஒண்ணுதான்."

ரீட்டாக்கா என்னை வெளியே கூட்டிப் போய்ச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா அல்லாரும் சிரிக்கிறாங்க ஸ்டெல்லா. இது இருமிகினே கீது, வரிசைல நிக்கறவன்லாம் டிராமான்னு நெனச்சி போன எடுத்து வீடியோ புடிக்கிறான். டாக்டரு இன்னா கேக்கறாரு தெரியுமா? எத்தினி பீடி குடிப்பேன்றாரு. தொட்டதே இல்ல சார்ன்னு நான் சொன்னா, சினிமால பாத்தேனேம்மான்றாரு."

எண்ணூரில் இருப்பவனை என்ன காற்றைக் குடிக்கிறாய் என்று கேட்காமல், பீடி குடிப்பாயா என்று கேட்கிறார்கள்! சினிமாவில் கொடுத்த பீடிக்கு நிஜத்தில் பழி. அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த டாக்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். ஏஞ்சல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே அந்த இருமலை இருமிப் பார்த்தபடி வந்தாள்.

6

போன வருடம் அவர் இறந்த செய்தியை என் தம்பி அந்தோணி சொன்னான். உடனே மேலாளரிடம் போய் லீவு கேட்டேன். நல்ல பெண்மணி அவர். கம்ப்யூட்டரைத் திறந்து, "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"எதிர் வீடு."

திரையில் அவர் தேடினார். கணவன், மனைவி, தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தவர், பாட்டன் பாட்டி. எதிர் வீடு இல்லை. "குடும்பம் இல்லை, அப்படித்தானே?" என்று வருத்தத்தோடு கேட்டார். குடும்பம் இல்லையா? என் முதல் சிரிப்பிலிருந்து இருக்கிற மனிதன். என் அப்பா செத்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எங்கள் யாருக்கும் சோறு இறங்குகிற வரை தான் சாப்பிடாதவர். இதற்கு இந்த நாட்டு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கத்த வேண்டும் போலிருந்தது. "இல்லை" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனேன்.

அடக்கத்தை அந்தோணி போனில் காட்டினான். எனக்கு மத்தியான இடைவேளை. கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே மழை. அங்கே வெயில். எண்ணூரில் அவர் வாசலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். பேண்டு வாத்தியம் ஒரு பக்கம் நின்றது. இன்னொரு பக்கம் புளியந்தோப்பு மேளக்காரர்கள். யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள். அடித்தார்கள், அப்படி அடித்தார்கள். என் போன் அதிர்ந்தது.

திடீரென்று மேளத்தை நிறுத்தினார்கள்.

யாரும் சொல்லி வைத்துச் செய்ததில்லை என்று அந்தோணி பிறகு சொன்னான். கை தானாக நின்றுவிட்டதாம். எத்தனையோ வருடம் அந்த இடத்தில் நிறுத்திப் பழகிய கை. தெருவே அமைதியானது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லார் கண்ணும் அவர் வாயையே பார்த்தது. கார்க் நகரத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்த நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன்.

ரீட்டாக்கா எழுந்து வந்தாள். பெட்டிக் கண்ணாடியைக் கையால் அடித்தாள். "சொல்லுயா. மாலை சின்னதா கீதுன்னு சொல்லுயா. எந்திரிச்சி சொல்லுயா."

அந்தோணியின் கை ஆடியது. படம் வானத்தைக் காட்டியது. அப்புறம் இணைப்பு போய்விட்டது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போய், ஒரு கிழவருக்கு நெபுலைசர் வைத்தேன்.

7

இதையெல்லாம்தான் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினேன். கொஞ்சம் எங்கள் பேச்சிலேயே எழுதினேன். நாலு நாள் கழித்துச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. ரொம்ப உருக்கமாக இருக்கிறதாம். ஆனால் நேரமில்லையாம். சாவு, சாம்பல் என்று வருவதால் குழந்தைகளுக்கு ஒத்துவராதாம். அந்த ஐந்து நிமிடத்தில் 'சென்னைத் தமிழ் கலக்கல்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்துவிட்டார்களாம். 'கட்டாயம் குடும்பத்தோட வாங்க மேடம், பிரியாணி இருக்கு!'

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அவரைப் பற்றிய பேச்சைக்கூடச் சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்கிவிடுகிற கூட்டத்தில் எனக்கென்ன வேலை? ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஏஞ்சல் ஷூ மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். "போகலையா?" என்றாள், இங்கிலீஷில். ஏன் வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மேடையில் அந்தக் கோட்டுப் படம், ஆள் உயரத்துக்கு. அதற்கு ஒரு சின்ன மாலை. முதலில் கலக்கல் நிகழ்ச்சி. யாரோ ஒருவர் பூப்போட்ட கைலி, கழுத்தில் கர்சீப், கன்னத்தில் மையால் தாடி, கையில் பாட்டில் என்று தள்ளாடிக்கொண்டு வந்தார். "இன்னா நைனா" என்றார். கூட்டம் கைதட்டியது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். விழுகிற ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். அவருடைய நினைவு நாளில், அவர் படத்துக்கு முன்னாலேயே, சினிமாக்காரர்கள் கொடுத்த அதே குடிகார வேஷத்தை மறுபடி அவர் தலையில் கட்டுகிறார்கள்!

ஏஞ்சல் ஒரு காதிலிருந்து வயரை எடுத்தாள். "அம்மா, அவர் குடிக்கவே மாட்டார்ல?" அதுவும் இங்கிலீஷ்தான்.

"மாட்டார்."

"அப்ப இவர் யாரு?"

"தெரியல" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் இன்னொரு வயரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "அடுத்ததாக, நம்மையெல்லாம் சிரிக்க வைத்த செம்மல் சேவியர் அவர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. அனைவரும் எழுந்து நிற்கவும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரியாணிப் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவரும் நின்றார். ஒரு சத்தம் இல்லை. பெயரைத் திருடினார்கள், பேச்சைத் திருடினார்கள், இப்போது டீசண்டாகத் தலையைக் குனிகிறார்கள். இது முடிந்ததும் ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவது, இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

இரண்டு சின்ன இருமல். அப்புறம் தொண்டையைக் காறி இழுத்து நீளமாக ஒன்று.

திரும்பினேன். என் மகள் கைகளை வயிற்றின் மேல் கோர்த்து, கண்ணை மூடி, இரண்டு ஷூ நுனிகளையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. செயலாளர் உதட்டில் விரல் வைத்து முறைத்தார். ஏஞ்சல் அசையவில்லை. முழங்கையால் மட்டும் என்னை ஒரு இடி இடித்தாள். சவரியண்ணன் இருமலுக்கு அப்புறம் விடுகிற அந்த ஒரு மூச்சு போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரி என்னுடையது.

ராயபுரம் சந்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னேன்.

"இன்னாபா, அவ்ளோதானா? யார்துபா இந்தக் கோட்டு? கயட்டு மொதல்ல!"

கூடத்தில் மிச்சமிருந்த தலைகளும் நிமிர்ந்தன. ஏஞ்சல் கண்ணைத் திறக்கவில்லை. ஆறு வயதுக்கு அப்புறம் அந்த வாயிலிருந்து நான் கேட்காத பேச்சில், நிதானமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாலையும் சின்னதா கீது."